வீடியோ கேப்சரில் ஃபிரேம் எங்கே தொலைகிறது? அறிகுறியை வைத்துப் பிடிக்கும் வழி

பழைய வீடியோ கேசட்டைக் கணினியில் ஏற்றினாலும் சரி, திரையில் ஓடும் விளையாட்டையோ பாடத்தையோ பதிவு செய்தாலும் சரி, கணினிக்கு வேலை ஒன்றுதான். ஒவ்வொரு தனிப் படமாக, அதாவது ஃபிரேம் ஃபிரேமாக, வந்துகொண்டே இருப்பதை நிற்காமல் வாங்கி வைக்க வேண்டும். கேப்சர் என்பது அதுதான்.

மூட முடியாத குழாயில் தண்ணீர் பிடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நிறைந்த குடத்தை உள்ளே கொண்டுபோய் ஊற்றிவிட்டு, அடுத்த குடம் நிறைவதற்குள் திரும்பி வந்துவிட வேண்டும். வழியில் யாரோ நிறுத்திப் பேச்சுக் கொடுத்தால் அதற்குள் வந்த தண்ணீர் தரையில்தான். டிராப் ஃபிரேம் என்று சொல்வது இதைத்தான். எடிட் செய்த வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யும்போது மெதுவான கணினி கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்; படம் கெடாது. கேப்சரில் அந்தச் சலுகை கிடையாது.

“என் கணினி நல்ல வேகம்தானே, பிறகு ஏன் துள்ளுகிறது?” என்று கேட்பவர்கள் சராசரி வேகத்தை நினைத்துக் கேட்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் 3,599 நொடி கணினி நிம்மதியாக இருந்திருக்கும். மிச்சமுள்ள ஒரு நொடியில் வேறு ஏதோ வேலை குறுக்கே வந்து நின்றிருக்கும். அந்த ஒரு நொடியில் குறுக்கே வந்தது யார் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் ஒரு பத்து நிமிடச் சோதனை

எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன் பத்து நிமிடம் பதிவு செய்து பாருங்கள். திரைப் பதிவு என்றால் திரையின் ஒரு மூலையில் நொடி ஓடும் கடிகாரம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கேசட் என்றால் தொலைந்தாலும் கவலையில்லாத ஒரு கேசட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அரிய கேசட்டைச் சோதனைக்காகத் திரும்பத் திரும்ப ஓட்டித் தேய்க்க வேண்டாம்.

பதிவைப் போட்டுப் பார்க்கும்போது ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டியது: எத்தனையாவது நிமிடத்தில் துள்ளியது, ஒரே சீரான இடைவெளியிலா, கண்டபடியா, தொடக்கத்திலிருந்தேவா, கொஞ்ச நேரம் கழித்தா. இவ்வளவும் தெரிந்தால் கீழே எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் என்பது தானாகத் தெரியும். அப்புறம், ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம். ஐந்தை ஒன்றாக மாற்றிச் சரியானால், எது சரி செய்தது என்று கடைசிவரை தெரியாது. அடுத்த மாதம் மறுபடியும் கெடும்போது மறுபடியும் ஐந்தையும் தேட வேண்டியிருக்கும்.

இன்னொன்று: பதிவு நடக்கும்போது முன்னோட்ட ஜன்னலில் தெரியும் படம் துள்ளினால் உடனே பதற வேண்டாம். பல மென்பொருள்கள் நெருக்கடி வந்தால் முன்னோட்டத்தைத்தான் முதலில் கைவிடும். கோப்பு சுத்தமாக இருக்கும். சேமித்த கோப்பைப் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதையும் வேறொரு கணினியிலோ பிளேயரிலோ ஒருமுறை பாருங்கள். கோப்பு சரியாக இருந்து, அதைப் போட்டுக் காட்டும் கணினி திணறுவதும் உண்டு.

படம் அவ்வப்போது துள்ளுகிறது, சில ஃபிரேம்கள் விட்டுப்போகின்றன

இங்கேதான் பெரும்பாலோர் உடனே புது எஸ்எஸ்டி வாங்கப் போகிறார்கள். அதற்கு முன் ஒரு கணக்கு.

கேசட்டிலிருந்து 720 x 576 அளவில், நொடிக்கு 25 ஃபிரேம், சுருக்காமல் எடுத்தால் ஒரு பிக்சலுக்கு 2 பைட் வீதம் நொடிக்கு ஏறக்குறைய 20.7 மெகாபைட் வரும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 75 ஜிபி. ஹஃப்யுவ், லாகரித், எஃப்எஃப்வி1 போன்ற இழப்பில்லாத கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) போட்டால் அது பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கும். டிவி (DV, டிஜிட்டல் வீடியோ) கேமராவிலிருந்து ஃபயர்வயர் கேபிள் வழியாக எடுத்தால் மணிக்கு 13 ஜிபிதான். திரைப் பதிவை எச்.264 என்ற சுருக்கும் முறையில் நொடிக்கு 20 மெகாபிட் என்று வைத்தால் நொடிக்கு வெறும் 2.5 மெகாபைட், மணிக்கு 9 ஜிபி.

இப்போது பாருங்கள்: ஆரோக்கியமான இன்றைய ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் தொடர்ச்சியாக எழுதும்போது நொடிக்கு 100 மெகாபைட்டை அநாயாசமாகத் தாண்டும். நிறைந்துபோய், உட்பக்கத் தடங்களில் எழுதும்போது வேகம் ஏறக்குறையப் பாதியாகும், அப்போதும் போதும். ஆகவே எச்.264 திரைப் பதிவு துள்ளுகிறது என்றால் டிஸ்க்கின் மீது பழி போடுவதற்கு முன் பத்து முறை யோசிக்க வேண்டும். டிஸ்க் வேகமாக இருந்தும் கோட்டைவிடுவது, அதே டிஸ்க்கை வேறு யாரோ அதே நேரத்தில் இழுக்கும்போதுதான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கேசட் ஒன்றை ஏற்றும்போது சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஐந்தாறு ஃபிரேம் போய்க்கொண்டே இருந்தது. கேபிளை மாற்றினேன். கேப்சர் ஸ்டிக்கை (வெளியிலிருந்து வரும் படத்தைக் கணினிக்குக் கொடுக்கும் யூஎஸ்பி கருவி) வேறு போர்ட்டில் செருகினேன். கோடெக்கை மாற்றினேன். ஒன்றும் அசையவில்லை. கடைசியில் விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டரில் டிஸ்க் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்து பார்த்தேன். துள்ளும் நேரம் வந்ததும் பட்டியலின் உச்சிக்கு ஒரு பெயர் ஏறியது: கிளவுடுக்குக் கோப்புகளை நகலெடுக்கும் சேவை. வலது பக்கம் அது படித்துக்கொண்டிருந்த கோப்பின் பெயரும் இருந்தது. நான் அப்போது பதிவு செய்துகொண்டிருந்த அதே கோப்பு! வீடியோ ஃபோல்டரே தானியங்கி நகலெடுப்புக்குள் இருந்திருக்கிறது. கோப்பு வளர வளர அது “ஓ, மாறிவிட்டதே” என்று முதலிலிருந்து படிக்க ஆரம்பித்திருக்கிறது. பதிவு ஃபோல்டரை டிரைவின் வேரில், வேறு எந்த ஃபோல்டருக்குள்ளும் இல்லாமல், தனியாக வைத்த அன்றோடு தொல்லை ஒழிந்தது.

எனவே வரிசை இப்படி. பதிவுக்கென்று ஒரு ஃபோல்டர், கிளவுட் நகலெடுப்புக்கு வெளியே. அந்த ஃபோல்டரை ஆன்டிவைரஸின் உடனடிச் சோதனையிலிருந்து விலக்குங்கள். ஆன்டிவைரஸையே அணைக்க வேண்டியதில்லை. தேடல் அட்டவணைப்படுத்தலிலிருந்தும் அதை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் அப்டேட்டைப் பதிவு நேரத்துக்கு நிறுத்தி வையுங்கள். முடிந்தால் விண்டோஸ் இருக்கும் டிரைவை விட்டு வேறு டிரைவில் பதிவு செய்யுங்கள். இவ்வளவுக்கும் காசு செலவில்லை, பலருக்கு இதிலேயே சரியாகிவிடும்.

டிரைவே காரணமாகும் இரண்டு சமயங்களும் உண்டு. எஸ்எம்ஆர் வகை ஹார்ட் டிஸ்க்கில் தடங்கள் ஓட்டு வேய்ந்தது போல ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். தற்காலிகமாக எழுதும் இடம் நிறைந்ததும் டிஸ்க் தன் வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விடும், வேகம் பாதாளத்துக்கு இறங்கும். மலிவான எஸ்எஸ்டியிலும் இதே கதை: முதல் சில பத்து ஜிபிக்குப் பறக்கும், கேஷ் (வேகமான தற்காலிக இடம்) தீர்ந்ததும் நடக்க ஆரம்பிக்கும். தொடக்கத்தில் சுத்தம், ஒரு குறிப்பிட்ட ஜிபி தாண்டியதும் துள்ளல் என்றால் இதைச் சந்தேகியுங்கள். பெரிய கோப்பு ஒன்றை அந்த டிரைவுக்கு நகலெடுத்து, வேக வரைபடம் எங்கே விழுகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

(டிவி (DV) கேமராவுக்காக விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஒன்றை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்: பழைய ஐடிஇ டிஸ்க்கில் பிழைகள் தொடர்ந்து வந்தால் விண்டோஸ் தானாகவே, டிஸ்க் நேரே நினைவகத்தோடு பேசும் டிஎம்ஏவை விட்டு, ஒவ்வொன்றையும் பிராசசரே நகர்த்தும் பிஐஓ முறைக்கு இறங்கிவிடும். அப்புறம் பிராசசர் முழுவதையும் டிஸ்க்கே தின்னும். டிவைஸ் மேனேஜரில் அந்த ஐடிஇ சேனலைப் பாருங்கள்.)

ஓபிஎஸ்ஸில் துள்ளல்: எந்த எண் ஏறுகிறது?

ஓபிஎஸ் என்ற இலவசப் பதிவு மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் அதிர்ஷ்டசாலிகள். ஸ்டாட்ஸ் என்று ஒரு ஜன்னல் இருக்கிறது. அதில் மூன்று எண்கள் தனித்தனியாக ஓடும். பலர் அதைத் திறப்பதே இல்லை.

ரெண்டரிங் லேக் ஏறினால் கிராஃபிக்ஸ் கார்டு மூச்சுத் திணறுகிறது. விளையாட்டு கார்டு முழுவதையும் பிடுங்கிக்கொண்டதால், காட்சியை அடுக்கித் தர ஓபிஎஸ்ஸுக்கு இடம் கிடைக்கவில்லை. விளையாட்டின் ஃபிரேம் வேகத்துக்கு உச்சவரம்பு வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் 200 ஃபிரேம் ஓடி என்ன ஆகப்போகிறது? விண்டோஸில் ஓபிஎஸ்ஸை அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கினால் கார்டில் அதற்கு முன்னுரிமை கிடைக்கும். இந்த ஒரு மாற்றமே பல கணினிகளில் போதும்.

என்கோடிங் லேக் ஏறினால் சுருக்கும் வேலை பின்தங்குகிறது. எக்ஸ்264 என்ற மென்பொருள் என்கோடரைப் பயன்படுத்தினால் பிராசசர்தான் அத்தனையும் செய்ய வேண்டும். அதன் வேக அமைப்பை வெரிஃபாஸ்டிலிருந்து சூப்பர்ஃபாஸ்டுக்கு இறக்கலாம். ஆனால் என் யோசனை, அந்தப் பக்கமே போகாதீர்கள். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த பெரும்பாலான கணினிகளில் வீடியோ சுருக்குவதற்கென்றே தனிச் சில்லுப் பகுதி இருக்கிறது. இன்டெலின் குவிக்சிங்க் 2011லும் என்விடியாவின் என்வென்க் 2012லும் வந்துவிட்டன; ஏஎம்டி கார்டுகளிலும் உண்டு. அமைப்பில் என்கோடரை அதற்கு மாற்றினால் பிராசசர் சுமை சட்டென்று குறையும். பழைய சில்லுகளில் தரம் சற்றுக் குறைவுதான். நேரலைக்கு அது உறுத்தும். டிஸ்க்கில் பதிவு செய்வதற்கு பிட்ரேட்டை (நொடிக்கு எழுதும் தரவின் அளவு) தாராளமாக வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ரெண்டரிங் லேக், என்கோடிங் லேக் இரண்டும் சேர்ந்து ஏறினால் முதலில் ரெண்டரிங்கைச் சரி செய்யுங்கள்.

மூன்றாவது எண் நெட்வொர்க்கில் விட்ட ஃபிரேம். அது நேரலைக்கு மட்டும் உரியது. பதிவு கெட்டதற்கு இணைய இணைப்பைத் திட்டிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு விட்டுவிடலாம்.

மூன்று எண்களும் பூஜ்யமாக இருந்தும் கோப்பு துள்ளுகிறதா? அப்படியானால் ஃபிரேம் ஓபிஎஸ்ஸுக்கு வந்து சேரும் முன்பே தொலைந்திருக்கிறது: மூலம், கேபிள், கேப்சர் கருவி, யூஎஸ்பி. அல்லது மூலம் 50, பதிவு 60 என்று பொருந்தாத ஃபிரேம் வேகம். 50ஐ 60ஆக்க வேண்டுமென்றால் ஐந்து ஃபிரேமுக்கு ஒன்றை இரட்டிக்க வேண்டும். மெதுவாக நகரும் காட்சியில் அது ஒரே சீரான விக்கலாகத் தெரியும். பதிவின் வேகத்தை மூலத்தோடு பொருத்துங்கள்.

முதல் இருபது நிமிடம் அருமை, பிறகு சரிகிறது

வெப்பம். லேப்டாப்பில் ஏறக்குறைய எப்போதும் இதுதான். டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் பிராசசரின் வேகத்தைத் தொடக்கத்தில் குறித்து வைத்து, இருபதாவது நிமிடத்தில் மறுபடி பாருங்கள். 3.5 கிகாஹெர்ட்ஸ் 1.8 ஆகியிருந்தால் கணினி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்திருக்கிறது. விசிறித் துவாரத்தின் தூசியைத் தட்டுங்கள், மெத்தை மேலோ தலையணை மேலோ வைக்காதீர்கள், சார்ஜரைச் செருகியே பதிவு செய்யுங்கள். பேட்டரியில் ஓடும்போது பல லேப்டாப்கள் குறைந்த வேகத்தில்தான் ஓடும். கேப்சர் ஸ்டிக்கும் சூடாகும். கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால், சின்ன நீட்டிப்புக் கேபிள் ஒன்றின் மூலம் லேப்டாப்பின் சூட்டிலிருந்து தள்ளி வையுங்கள்.

யூஎஸ்பி ஸ்டிக்கில் 1080 வைத்தால் நொடிக்கு 5 ஃபிரேம்தான் வருகிறது

கருவி பழுது என்று திருப்பிக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள். யூஎஸ்பி 2.0இன் பெயரளவு வேகம் நொடிக்கு 480 மெகாபிட். கைக்கு வருவது 30 முதல் 40 மெகாபைட். 1920 x 1080 படத்தைச் சுருக்காமல் ஒய்யூஒய்2 வடிவில் (ஒரு பிக்சலுக்கு 2 பைட்) நொடிக்கு 30 ஃபிரேம் அனுப்ப 124 மெகாபைட் வேண்டும். குழாயில் இடமில்லை. அதனால் ஸ்டிக் 5 ஃபிரேமுக்கு இறங்குகிறது. 1080இல் 5 ஃபிரேமுக்கு வரும் தரவும் கேசட்டின் 720 x 576இல் 25 ஃபிரேமுக்கு வரும் தரவும் துல்லியமாக ஒரே அளவு என்பது ஒரு வேடிக்கை. பெருக்கிப் பாருங்கள்.

வழி எளிது. கருவியின் அமைப்பில் வீடியோ வடிவத்தை எம்ஜேபெக்குக்கு மாற்றுங்கள். ஸ்டிக் உள்ளேயே ஒவ்வொரு ஃபிரேமையும் சுருக்கி அனுப்பும், 30 ஃபிரேம் வந்துவிடும். அதை விரிக்கும் வேலை பிராசசருக்குக் கொஞ்சம் கூடும். சுருக்காத 1080, நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் 249 மெகாபைட். அதற்கு யூஎஸ்பி 3.0 கருவியும் யூஎஸ்பி 3.0 போர்ட்டும் இரண்டுமே வேண்டும். உட்புறம் நீலமாக இருக்கிறது என்பதற்காக 3.0 என்று நம்பிவிடாதீர்கள், மலிவுச் சந்தையில் நீலப் பிளாஸ்டிக்குக்குப் பஞ்சமில்லை. டிவைஸ் மேனேஜரில் எந்த ஹப்பின் கீழ் நிற்கிறது என்று பாருங்கள்.

ஹப் வழியாகச் செருகாதீர்கள். வெப்கேம், வெளி ஹார்ட் டிஸ்க், கேப்சர் கருவி மூன்றும் ஒரே ஹப்பில் தொங்கினால் மூன்றுக்கும் ஒரே குழாய்தான். வெளி டிஸ்க்கில் பதிவு செய்வதானால் அதை வேறு பக்கத்துப் போர்ட்டில் செருகுங்கள்.

உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்

கேப்சரில் எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இது. ஏனென்றால் எத்தனை நொடி விலகுகிறது என்று அளந்தாலே குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

கதவு சாத்துவது, கை தட்டுவது போன்ற கூர்மையான ஓசை உள்ள இடங்களைத் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். எடிட்டரில் ஒலி அலை எகிறும் இடத்துக்கும் கதவு சட்டத்தில் மோதும் ஃபிரேமுக்கும் உள்ள இடைவெளியை ஃபிரேம் கணக்கில் எண்ணுங்கள். கண்ணால் குத்துமதிப்பாகப் பார்ப்பது உதவாது.

மூன்று இடத்திலும் ஒரே விலகல் என்றால் வெறும் தாமதம். படம் கேப்சர் கருவி வழியாகச் சுற்றி வருகிறது, ஒலி மைக்கிலிருந்து நேரே வருகிறது. ஓபிஎஸ்ஸின் ஒலிக் கலவையில் அந்த ஒலிக்கு அத்தனை மில்லிநொடி சிங்க் ஆஃப்செட் கொடுத்தால் தீர்ந்தது. எல்லா ஒலியையும் கேப்சர் கருவி வழியாகவே எடுத்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லையே வராது.

விலகல் சீராக வளர்கிறது, மணிக்கு 3.6 நொடி. இது நொடிக்கு 29.97 ஃபிரேமுக்கும் 30 ஃபிரேமுக்கும் உள்ள வித்தியாசம், ஆயிரத்தில் ஒன்று. எங்கோ ஒரு அமைப்பில் 29.97க்குப் பதில் 30 என்று போட்டிருக்கிறீர்கள். அல்லது எடிட்டர் அப்படி எடுத்துக்கொண்டிருக்கிறது.

மணிக்கு ஏறக்குறைய ஐந்து நிமிடம் விலகுகிறது, குரலும் கட்டையாகவோ கீச்சென்றோ இருக்கிறது. ஒலி 48,000 ஹெர்ட்ஸில் பதிவாகி 44,100 என்று படிக்கப்படுகிறது, அல்லது நேர்மாறாக. விண்டோஸின் ஒலி அமைப்பு, பதிவு மென்பொருள், எடிட்டர் மூன்றிலும் 48,000 என்று வையுங்கள். வீடியோ உலகத்தின் வழக்கம் 48,000தான். 44,100 இசைத்தட்டிலிருந்து வந்தது.

மணிக்கு ஓரிரு பத்தில் ஒரு பங்கு நொடி மட்டும் மெதுவாக விலகினால், அது இரண்டு கடிகாரங்களின் கதை. படத்துக்கு ஒரு கருவி, ஒலிக்கு ஒரு சவுண்டு கார்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு படிகம். பத்து லட்சத்தில் 50 பங்கு என்ற சின்ன வித்தியாசமே மணிக்கு 0.18 நொடி, மூன்று மணி நேரக் கேசட்டில் அரை நொடியைத் தாண்டிவிடும். விர்ச்சுவல்டப் என்ற மென்பொருளின் கேப்சர் அமைப்பில், படத்தின் நேரத்துக்கு ஏற்ப ஒலியை இழுத்துப் பொருத்தும் வசதி இருக்கிறது. ஏற்கெனவே பதிவாகிவிட்டதா? ஒலியை மட்டும் பிரித்து, மொத்த நீளத்தைப் படத்தின் நீளத்துக்குச் சமமாக்குங்கள். அவ்வளவு சின்ன மாற்றம் காதுக்குத் தெரியாது.

கடைசி வகை, ஒரு இடம் வரை சரியாக இருந்து சட்டென்று குதித்து, அதற்குப் பிறகு அதே விலகலோடு ஓடுவது. இங்கே கேசட்டையே பார்க்க வேண்டும். ஒரு முறை 32ஆவது நிமிடம் வரை கச்சிதம்; அங்கிருந்து கடைசிவரை ஒலி பின்தங்கியே வந்தது. அந்த இடத்தில் என்ன இருந்தது தெரியுமா? ஒரு பதிவு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன் வெற்றுக் கேசட், சில நொடிப் புள்ளி மழை. சிக்னல் இல்லாத அந்தச் சில நொடிக்குக் கேப்சர் கருவி ஃபிரேமே அனுப்பவில்லை. ஒலி மட்டும் விடாமல் பதிவாகியிருக்கிறது. அத்தனை நொடிப் படம் கோப்பில் இல்லாததால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாம் முன்னால் நகர்ந்துவிட்டது. வெற்று இடம் வந்ததும் பதிவை நிறுத்தி, அதற்குப் பிறகு புதுக் கோப்பாகத் தொடங்குவதே சுலபமான வழி. நிறைய கேசட் இருக்கிறது என்றால் டிபிசி என்ற கருவியை நடுவில் வைக்கலாம். சிக்னல் குலைந்தாலும் அது சீரான ஃபிரேம்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். பழைய டிவிடி ரெக்கார்டரை வெறும் பாதையாக நடுவில் இணைத்தாலும் சில மாடல்கள் அதே வேலையைப் பாதியாவது செய்யும்.

கைபேசியில் எடுத்த காட்சியைச் சேர்க்கும்போது விலகினால் அது வேறு: கைபேசிகள் வெளிச்சத்துக்கேற்ப ஃபிரேம் வேகத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். எடிட்டருக்குள் கொண்டுவரும் முன் நிலையான வேகத்துக்கு மாற்றிவிடுங்கள்.

அசையும் இடங்களில் சீப்புப் பல் போலக் கோடுகள்

கோளாறு இல்லை. கேசட் படம் பின்னல் முறையில், ஒற்றைப்படை வரிகள் ஒரு நொடித்துணுக்கிலும் இரட்டைப்படை வரிகள் அடுத்ததிலுமாக வருவது. பழைய தொலைக்காட்சி அதை அப்படியே காட்டும்; கணினித் திரை இரண்டையும் ஒன்றாகக் காட்டுவதால் பல் தெரிகிறது. பதிவை அப்படியே முழு உயரத்தில் எடுத்து வையுங்கள். பின்னலைப் பிரிப்பதைப் பிறகு நிதானமாக யாடிஃப், பிவ்டிஃப் போன்ற வடிகட்டிகளால் செய்யலாம். நொடிக்கு 25ஐ 50 ஃபிரேமாகப் பிரித்தால் அசைவு வழுக்கும். கேப்சர் நேரத்தில் 720 x 576ஐ வேறு உயரத்துக்குச் சுருக்கினால் மட்டும் கதை முடிந்தது. இரண்டு வகை வரிகளும் கலந்துபோய், பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

கேசட் படம் மேலே வளைகிறது, கீழே கிறுக்கல், நிறம் இல்லை

அடிவிளிம்பில் எட்டுப் பத்து வரிகள் கிழிந்தாற்போல இருப்பது விசிஆரின் (கேசட் ஓட்டும் பெட்டி) படிக்கும் தலைகள் மாறும் இடம். எல்லாக் கேசட்டிலும் உண்டு. பழைய தொலைக்காட்சியில் அது சட்டகத்துக்குள் மறைந்திருந்தது. கறுப்புப் பட்டையால் மறைத்துவிடுங்கள். மேல் விளிம்பு கொடி போல வளைந்தாடினால் மேலே சொன்ன டிபிசியில் வரி வரியாகச் சீராக்கும் வகைதான் மருந்து.

நிறமே இல்லையென்றால் மென்பொருளில் உள்ளீடு எஸ்-வீடியோ என்றும், கேபிள் மஞ்சள் நிறக் காம்போசிட் என்றும் இருக்கிறதா பாருங்கள். அடுத்தது பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்ற இரண்டு தொலைக்காட்சி முறைகளின் குழப்பம். ஊரில் எந்த முறை என்பது கணக்கில்லை, கேசட் எங்கே பதிவானது என்பதே கணக்கு. படம் மேலும் கீழும் உருண்டாலும் இதே சந்தேகம்தான்.

வெறும் கறுப்புத் திரை

எச்டிஎம்ஐ கருவியில் ஒலியும் வராமல் கறுப்பாக இருந்தால் அது பெரும்பாலும் எச்டிசிபி என்ற காப்புப் பூட்டு. விளையாட்டுக் கன்சோல்கள் சிலவற்றின் அமைப்பிலேயே விளையாட்டுக்கு மட்டும் அதை அணைக்கும் வசதி இருக்கிறது. காசு கட்டிப் பார்க்கும் படங்கள் கறுப்பாக வருவது அப்படித்தான் வர வேண்டும் என்று வைத்திருப்பதால். அதில் பிழை நீக்க ஒன்றுமில்லை.

லேப்டாப்பில் திரைப் பதிவு கறுப்பாக வந்தால் இரண்டு கிராஃபிக்ஸ் சில்லு இருக்கிறதா என்று பாருங்கள். திரையை ஒரு சில்லு வரைகிறது, ஓபிஎஸ் இன்னொன்றில் ஓடுகிறது. விண்டோஸின் கிராஃபிக்ஸ் அமைப்பில் ஓபிஎஸ்ஸைச் சேர்த்து, முழுத் திரையைப் பதிய மின்சேமிப்புச் சில்லையும் விளையாட்டைப் பதிய உயர்திறன் சில்லையும் கொடுங்கள். மாற்றியதும் ஓபிஎஸ்ஸை மூடித் திறக்க வேண்டும். மேக்கில் தனியுரிமைப் பகுதியில் திரைப் பதிவு அனுமதி கொடுத்திருக்க வேண்டும். லினக்ஸில் வேலண்டு என்ற திரை முறை ஓடினால் பைப்வயர் என்று பெயருள்ள மூலத்தைத் தேர்ந்தெடுங்கள்.

யூஎஸ்பி ஸ்டிக்கை விண்டோஸ் ஒரு கேமராவாகத்தான் பார்க்கும். ஆகவே கேமரா அனுமதி மூடியிருந்தால் ஸ்டிக்கும் கறுப்பு. வீடியோ அழைப்பு மென்பொருள் ஒன்று பின்னால் அதைப் பிடித்து வைத்திருந்தாலும் அப்படியே.

பதிவு தானாக நின்றது, அல்லது கோப்பு திறக்கவில்லை

கோப்பு 4 ஜிபியைத் தொட்டதும் நின்றதா? டிரைவ் ஃபேட்32இல் இருக்கிறது. அதில் ஒரு கோப்பு அதற்கு மேல் வளராது. பென் டிரைவிலும் மெமரி கார்டிலும் அடிக்கடி பார்க்கலாம். உள்ளே இருப்பதை நகலெடுத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டாகவோ என்டிஎஃப்எஸ்ஸாகவோ ஃபார்மட் செய்யுங்கள். 2 ஜிபியில் நின்றால் பழைய ஏவிஐ முறையில் எழுதும் பழைய மென்பொருள்.

மின்சாரம் போய், எம்பி4 கோப்பு திறக்கவே மாட்டேன் என்கிறதா? வழக்கமான எம்பி4 தன் பொருளடக்கத்தைப் பதிவு முடியும்போதுதான் எழுதும். நடுவில் நின்றால் பக்கங்கள் எல்லாம் இருக்கும், எது எங்கே என்று சொல்ல ஆள் இருக்காது. அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்று கையில் இருந்தால், அதை மாதிரியாக வைத்து மீட்டுத் தரும் அன்ட்ரங்க் என்ற கருவியை முயன்று பார்க்கலாம். இனிமேல் எம்கேவியில் பதிவு செய்யுங்கள். நின்ற இடம் வரை பத்திரமாக இருக்கும். வேண்டுமானால் ஓபிஎஸ்ஸின் ரீமக்ஸ் வசதி, தரம் துளியும் குறையாமல், சில நொடியில் எம்பி4ஆக மாற்றித் தரும்.

நிறம் வெளுத்து, கறுப்பு சாம்பலாக

வண்ண எல்லை பொருந்தவில்லை. வீடியோ கறுப்பை 16 என்றும் வெள்ளையை 235 என்றும் எழுதும். கணினித் திரை 0 முதல் 255. கருவியின் அமைப்பில் லிமிடெட் என்று இருந்தால் ஃபுல் என்றும், ஃபுல் என்று இருந்தால் லிமிடெட் என்றும் மாற்றிப் பாருங்கள். நிழல்கள் மொத்தமாகக் கறுத்துப் போனால் எதிர்ப்பக்கம் தவறியிருக்கிறது.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் துள்ளுகிறது

டிரைவர் (ஒரு கருவியை இயக்கும் மென்பொருள்) ஒன்று பிராசசரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். பிராசசர் 20 சதவீதம்தான் ஓடுகிறது, டிஸ்க் சும்மா இருக்கிறது, ஆனாலும் ஒலியில் சொடுக்குச் சத்தம், படத்தில் துள்ளல் என்றால் இதைத்தான் நினைக்க வேண்டும். லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியைப் பத்து நிமிடம் ஓட்டினால் எந்த டிரைவர் என்று பெயரோடு காட்டும். வைஃபை டிரைவராக இருப்பது சகஜம். வைஃபையை அணைத்துவிட்டு மறுபடி அதே பத்து நிமிடச் சோதனை.

அதிலும் அகப்படவில்லை என்றால் கருவியையும் கேபிளையும் அப்படியே கழற்றி வேறொரு கணினியில் செருகுங்கள். அங்கேயும் துள்ளினால் உங்கள் கணினியை இத்தனை நாள் அநியாயமாகச் சந்தேகித்திருக்கிறீர்கள். முதலில் கேபிள், பிறகு கருவி என்ற வரிசையில் மாற்றுங்கள். அங்கே சுத்தமாக ஓடினால் இங்கே வந்து, புதிதாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கி, தொடக்கத்தில் தானாக எழும் நிரல்கள் எதுவும் இல்லாமல் ஒருமுறை பதிவு செய்து பாருங்கள். அதில் சரியாக வந்தால் பழைய கணக்கின் தொடக்கப் பட்டியலை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வர வேண்டியதுதான். அலுப்பான வேலை. ஆனால் ஏழாவதோ எட்டாவதோ பெயரில் ஆள் அகப்படுவார்.